ரோபோ புல்வெட்டி: வேலையெல்லாம் ஒயரில்தான்

எங்கள் புல்தரையில் ரோபோ புல்வெட்டி ஒருவழியாக ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டது. வாங்க நினைக்கும் பலர் எந்திரத்தின் விவரங்களைத்தான் அலசுகிறார்கள். பிளேடு எத்தனை, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், செல்பேசியில் இயக்க முடியுமா என்று. அது ஓடுமா, பாதியில் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது தரையும், அந்தத் தரையைச் சுற்றி நாம் பதிக்கும் ஒயரும்தான். அதனால் இந்தப் பதிவில் எந்திரத்தைப் பற்றிக் குறைவாகவும் ஒயரைப் பற்றி நிறையவும் இருக்கும்.

முதலில் இடம். இரண்டு புல்தரைகள், நடுவில் ஒரு சந்து. பெரியது 18 மீட்டருக்கு 14 மீட்டர், சின்னது 12-க்கு 10. சந்தின் நீளம் 5 மீட்டர், அகலம் 1.6 மீட்டர், இருபுறமும் சுவர். எல்லாம் சேர்த்து 380 சதுர மீட்டர். பெரிய பகுதியின் நடுவே ஒரு பூப்பாத்தி, அங்கங்கே மூன்று மரங்கள். சின்னப் பகுதியின் கடைசி ஓரம் சரிவு. புல் பெரும்பாலும் அருகம்புல், இடையிடையே கோரை.

எந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு விஷயங்களை மட்டும் பார்த்தேன். ஒன்று, ஒயரா செயற்கைக்கோளா என்பது. ஒயர் இல்லாமல் செயற்கைக்கோள் உதவியோடு ஓடும் வகைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவற்றில் பலவற்றுக்கு வானம் மறைக்காத இடத்தில் ஓர் ஆண்டெனா நட வேண்டும். அப்படி இடம் இருந்தால் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும். எங்கள் மரங்களின் கிளைகள் பாதித் தரைக்கு மேல் கவிந்திருப்பதால் அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். இரண்டாவது, பரப்பளவு. பெட்டியில் 1000 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால், நாள் முழுக்க, இரவும் பகலுமாக, சார்ஜ் ஏறும் நேரமும் சேர்த்து ஓடினால் அவ்வளவு வெட்டும் என்று அர்த்தம். மணிக்கு ஏறக்குறைய 42 சதுர மீட்டர். எங்கள் 380-க்கு 9 மணி நேரம் போதும், பகலோடு வேலை முடிந்துவிடும். 500 சதுர மீட்டர் எந்திரம் வாங்கியிருந்தால் 18 மணி நேரம் ஓட வேண்டும், அதாவது இரவிலும். இரவில் ஏன் ஓட்டக்கூடாது என்று பிறகு சொல்கிறேன். தேவையைவிட இரண்டு மடங்கு பெரியதாக வாங்கியது சரியான முடிவு.

ஒயர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் இதிலிருந்துதான் முளைக்கின்றன. சார்ஜிங் ஸ்டேஷனிலிருந்து புறப்படும் ஒயர் தரையைச் சுற்றி வந்து மறுபடி ஸ்டேஷனிலேயே சேர்கிறது. அதில் குறைந்த அழுத்தத்தில் ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஒயரைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலத்தை எந்திரத்தின் உள்ளே இருக்கும் சுருள்கள் உணர்கின்றன. சுற்றுக்கு உள்ளே ஒரு திசை, வெளியே எதிர்த்திசை. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். உள்ளே இருக்கும்வரை நேராகப் போகும், ஒயரைத் தாண்டுகிறோம் என்று உணர்ந்ததும் திரும்பிவிடும். எந்த மூலையிலிருந்து எங்கே போகும் என்பதில் ஒழுங்கு எதுவும் கிடையாது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1995-இல் சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டியைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இதுதான் வழி. பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரிந்தாலும், தினமும் ஓடும்போது எல்லா இடத்தையும் தொட்டுவிடுகிறது.

ஒயரில் கை வைப்பதற்கு முன்னால் தரையைச் சரிசெய்தோம். சாதாரணப் புல்வெட்டியால் 6 சென்டிமீட்டருக்கும் கீழே வெட்டிவிட்டு, துணுக்குகளை வாரி எடுத்தோம். இந்த எந்திரம் நுனி சீவுவதற்காக உண்டானது, வளர்ந்த புல்லை அடியோடு அறுக்க அதனால் ஆகாது. சக்கரம் இறங்கும் அளவுள்ள குழிகளில் மணலும் மண்ணும் கலந்து நிரப்பினோம். கல், சுள்ளி, பழைய ஆணி எல்லாவற்றையும் பொறுக்கினோம். இதற்குப் போன நேரம் வீண் இல்லை. முன்சக்கரம் குழியில் சிக்கி எந்திரம் நிற்பதுதான் இதில் அடிக்கடி வரும் தொந்தரவு.

கருவிகள் என்று பெரிதாக எதுவும் தேவைப்படவில்லை. 30 மீட்டர் டேப், சணல் கயிறு, ரப்பர் சுத்தியல், ஒயர் வெட்டும் பிளையர், மல்டிமீட்டர், ரசமட்டம், 1 மீட்டர் நீளத்தில் ஒரு நேரான மரச்சட்டம், மண்வெட்டி. இவற்றோடு நானே ஒன்று செய்துகொண்டேன். கெட்டியான அட்டையில் எந்திரத்தின் அடிப்பாகத்தை அச்சாக வரைந்து வெட்டி, அதில் பிளேடு சுழலும் வட்டத்தையும் குறித்துக்கொண்டேன். பெட்டியில் வரும் அளவுகோலைவிட இந்த அட்டை பல மடங்கு உதவியது. அதைச் சுவரோரம், மரத்தடி, பாத்தி விளிம்பு என்று எல்லா இடத்திலும் தள்ளிப் பார்த்தால், எந்திரம் எங்கே இடிக்கும், எங்கே வெட்டாமல் விடும் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் சணல் கயிற்றைக் கொண்டு ஒரு மாதிரிச் சுற்று போட்டோம். தம்பி கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் நடக்க, நான் டேப்போடு பின்னால் போனேன். சுற்றளவு 115 மீட்டர் வந்தது. பூப்பாத்திக்கும் மரங்களுக்கும் தனித்தனியாகத் தீவு போட வேண்டும். தீவு என்றால், எல்லையிலிருந்து ஒயர் கிளம்பி அந்த இடம்வரை போய், அதைச் சுற்றிவிட்டு, போன வழியிலேயே திரும்பி வருவது. பாத்திக்குப் போக வர 8 மீட்டர், சுற்ற 10, மொத்தம் 18. ஒரு மரத்துக்கு 13. மூன்று மரத்துக்கும் போட்டால் 39. ஆனால் அட்டையை வைத்துப் பார்த்ததில் இரண்டு மரங்களுக்குத் தீவே தேவையில்லை என்று தெரிந்தது. அவற்றின் அடிமரம் தரையிலிருந்து நேராக நிமிர்ந்து நிற்கிறது. எந்திரம் மெதுவாக வந்து முட்டும், முட்டியதை உணர்ந்து திரும்பிவிடும். மூன்றாவது மரத்தின் வேர்கள்தான் சரிந்து வெளியே தெரிகின்றன. அப்படிப்பட்ட சாய்வில் எந்திரம் முட்டாது, ஏறும். ஏறி, வயிறு மாட்டிக்கொண்டு சக்கரம் அந்தரத்தில் சுற்றும். அதனால் அந்த ஒன்றுக்கு மட்டும் தீவு. 26 மீட்டர் ஒயர் மிச்சம்.

எல்லைச் சுற்று 146 மீட்டர், ஸ்டேஷனிலிருந்து சந்து வழியாகச் சின்னப் பகுதியின் கோடிவரை போகும் வழிகாட்டி ஒயர் 30 மீட்டர், ஆகமொத்தம் 176. பெட்டியில் வந்தது 150 மீட்டர். இன்னொரு 50 மீட்டர் சுருள் வாங்க வேண்டியிருந்தது. கயிறு போட்டு அளந்திருக்காவிட்டால் பாதி வேலையில் ஒயர் தீர்ந்திருக்கும்.

ஸ்டேஷனுக்கு முதலில் ஒரு மூலையைப் பார்த்தோம். நிழல், பக்கத்திலேயே மின் இணைப்பு, பார்வைக்கும் உறுத்தாது. தற்காலிகமாக வைத்து ஓட்டியதில் அது ஒத்துவரவில்லை. எந்திரம் வீடு திரும்பும்போது ஸ்டேஷனுக்கு நேர் எதிரே 2, 3 மீட்டர் ஒயர் வளைவே இல்லாமல் போக வேண்டும். மூலையில் அந்த நீளம் இல்லை. வளைந்து வந்து சேர்ந்ததால் சார்ஜ் முனைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல், பின்வாங்கி மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தது. தரையும் பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்திருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, பெரிய பகுதியின் நீளமான சுவரின் நடுப்பகுதிக்கு மாற்றினோம். அங்கே எதிரே நேர்வழி தாராளமாக இருக்கிறது. வெயில் படும் என்பதால் மேலே ஒரு சின்னக் கூரை போட்டேன். பேட்டரிக்குச் சூடு ஆகாது, சூடேறினால் எந்திரம் சார்ஜ் ஏற்றாமல் காத்திருக்கும்.

மின்சாரப் பக்கம் மூன்று விஷயங்கள். அடாப்டர் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், மழை படாத இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு மின்சாரம் தரும் பிளக்குக்கு 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம். அடாப்டரிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் கேபிளை நீட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அது புல்வெட்டும் பகுதிக்கு வெளியேதான் ஓட வேண்டும். இடி மின்னல் வரும் நேரங்களில் பிளக்கோடு சேர்த்து எல்லை ஒயரின் முனைகளையும் கழற்றிவிடுவது எங்கள் வழக்கம். தரையில் கிடக்கும் 146 மீட்டர் சுற்று, பக்கத்தில் மின்னல் விழுந்தால் அந்த அதிர்ச்சியை நேராக ஸ்டேஷனின் உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இனி ஒயர். முந்தின நாள் மாலை தரையை நன்றாக நனைத்துவிட்டோம், அதனால் ஒயரைத் தரையோடு பிடிக்கும் பிளாஸ்டிக் முளைகள் இரண்டு தட்டில் இறங்கின. 75 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் 235 முளைகள் ஆகும். மேடுபள்ளத்தில் நெருக்கி அடித்ததில் 300-ஐ நெருங்கிவிட்டது. ஒயர் எங்கேயும் தரையை விட்டு எழும்பக்கூடாது, எழும்பினால் எந்திரமே அதை வெட்டிவிடும். "அண்ணா, இங்க ஒயர் தூக்கிக்கிட்டு நிக்குது, நடுவுல இன்னொண்ணு அடி" என்று தம்பி சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போனேன்.

தூரங்கள் எந்திரத்துக்கு எந்திரம் மாறும். எங்களுடையதற்குச் சுவரிலிருந்து 35 சென்டிமீட்டர், புல்லோடு சமமட்டமாக இருக்கும் நடைபாதையிலிருந்து 10 சென்டிமீட்டர். மூலைகளில் செங்குத்தாக மடிக்காமல், இரண்டு மூன்று முளை வைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். ஒயர் தன்னைத் தானே எங்கேயும் குறுக்கே வெட்டக்கூடாது.

தீவுகளில்தான் பலரும் குழம்புகிறார்கள், எனக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசியில் கண்டுபிடித்த எளிய வழி: ஒயரோடு நடக்கும்போது புல் எப்போதும் வலக்கைப் பக்கமாகவே இருக்க வேண்டும். எல்லையைக் கடிகாரச் சுற்றில் சுற்றினால் புல் வலப்பக்கம் இருக்கும். பூப்பாத்தியை அடைந்ததும் பாத்தி இடக்கைப் பக்கம், புல் வலக்கைப் பக்கம் வரும்படி சுற்ற வேண்டும், அதாவது எதிர்ச்சுற்று. மாற்றிச் சுற்றினால் எந்திரம் பாத்தியை உள்ளே என்றும் புல்லை வெளியே என்றும் எடுத்துக்கொள்ளும்.

எல்லையிலிருந்து தீவுக்குப் போகும் ஒயரும் திரும்பி வரும் ஒயரும் ஒன்றையொன்று தொட்டபடி, ஒரே முளைக்குள் போக வேண்டும். இரண்டிலும் துடிப்பு எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எந்திரம் அதைக் கவனிக்காமல் மேலேயே போய்வரும். எங்கள் முதல் ஓட்டத்தில் ஒயரே இல்லை என்று நினைத்த வெட்டவெளியில் எந்திரம் திரும்பித் திரும்பிப் போனது. குனிந்து பார்த்தால் பாத்திக்குப் போகும் ஜோடி ஒயர் ஓரிடத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பிரிந்திருந்தது. சேர்த்துப் பிடித்து முளை அடித்ததும் சரியாகிவிட்டது.

மிஞ்சிய ஒயரைச் சுருட்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் போட்டுவைக்கத் தோன்றும். கூடாது. சுருள் தனியாக ஒரு புலத்தை உண்டாக்கி, வீடு திரும்பும் எந்திரத்தைக் குழப்பும். சரியான நீளத்துக்கு வெட்டிவிடுவதே நல்லது.

உடனே மண்ணுக்குள் புதைக்காமல் சில வாரம் மேலாகவே விட்டது, இந்த வேலையிலேயே நான் எடுத்த மிகச் சிறந்த முடிவு. ஓட்டிப் பார்க்கப் பார்க்க ஒயரின் பாதை பல இடங்களில் மாறியது. அதற்குள் அருகம்புல்லே கொடி ஓடி ஒயரை மூடிவிட்டது. பாத்தி விளிம்பிலும் நடந்துபோகும் இடங்களிலும் மட்டும் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் கீறிப் புதைத்தேன்.

சந்து ஒரு தனிக் கதை. 1.6 மீட்டரில் இரு சுவருக்கும் 35, 35 விட்டால் இரண்டு ஒயருக்கும் நடுவே 90 சென்டிமீட்டர்தான் மிஞ்சுகிறது. எந்திரம் போகலாம், ஆனால் தாறுமாறாக ஓடும் ஒன்று அந்த இடுக்கைத் தானாகக் கண்டுபிடிப்பது அபூர்வம். முதல் வாரங்களில் பெரிய பகுதி பளிச்சென்றும் சின்னப் பகுதி காடாகவும் கிடந்தது. வழிகாட்டி ஒயர் இதற்காகத்தான். அதைச் சந்தின் நட்டநடுவில், இருபுறமும் 45 சென்டிமீட்டர் இருக்கும்படி பதித்து, சின்னப் பகுதியின் எதிர்ச்சுவரில் எல்லை ஒயரோடு இணைத்தோம். அமைப்பில், ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது பத்தில் எத்தனை முறை அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொல்லலாம். சின்னப் பகுதி 120 சதுர மீட்டர், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அதனால் பத்துக்கு மூன்று. தூரம் 24 மீட்டர். இரண்டு பகுதியும் அதன்பிறகு ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன.

சரிவை அளக்க மரச்சட்டமும் ரசமட்டமும் போதும். 1 மீட்டர் சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேட்டில் வைத்து, மட்டம் பார்த்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் அத்தனை சென்டிமீட்டரும் அத்தனை சதவீதம். எங்களுக்கு 22 வந்தது. தரையின் நடுவில் இருந்தால் 22 சதவீதம் எங்கள் எந்திரத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒயர் போகும் ஓரத்தில் 15-க்கு மேல் போகக்கூடாது. கீழ்நோக்கி வரும் வேகத்தில், திரும்புவதற்குள் ஈரப்புல்லில் சறுக்கி வெளியே போய்விடும். வெளியே போனால் அதற்கு வழி தெரியாது, நின்றுவிடும். ஒயரைச் சரிவின் மேல் விளிம்புக்கு ஏற்றிவிட்டு, கீழே இருக்கும் கீற்றை வெட்டும் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வெட்டும் உயரத்தை 60 மில்லிமீட்டரில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு 5 மில்லிமீட்டர் வீதம் இறக்கி, 35-இல் நிறுத்தினேன். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுத்தால் அடித்தண்டு வெளியே தெரிந்து தரை பழுப்பாகிவிடும். அடிக்கடி நுனி சீவப்படும் அருகம்புல் மேலே வளர்வதை விட்டுப் பக்கவாட்டில் கொடி ஓடுகிறது. வெறும் மண்ணாகக் கிடந்த திட்டுகள் மூடிக்கொண்டது அதனால்தான். கோரை மட்டும் அசையவில்லை. அதன் உயிர் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். எவ்வளவு சீவினாலும் மறுபடி வரும், கிழங்கையும் சேர்த்துத்தான் ஒழிக்க வேண்டும்.

வெட்டுப்படும் துணுக்குகள் சில மில்லிமீட்டர்தான். அவை புல்லுக்குள்ளேயே விழுந்து மக்கிவிடுகின்றன. காய்ந்த புல்துணுக்கில் 4 சதவீதம் அளவுக்கு நைட்ரஜன் இருக்கிறது, அது திரும்பத் தரைக்கே போவதால் உரமிடுவதைக் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு இதில் ஓர் இழப்பும் உண்டு. முன்பெல்லாம் வெட்டிய புல்தான் செடிகளுக்கு மூடாக்கு, மக்குக் குழிக்குப் பச்சைத் தீனி. இப்போது அள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. மூடாக்குக்குக் காய்ந்த இலைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மழை வந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. வெட்டுவதற்காக ஓடும்போது ஒழுங்கில்லாமல் ஓடும் எந்திரம், வீடு திரும்பும்போதும் வழிகாட்டி ஒயரைப் பிடித்துப் போகும்போதும் ஒரே தடத்தில் போகிறது. ஸ்டேஷனுக்கு முன்னாலும் சந்திலும் புல் தேய்ந்து, இரண்டு சக்கரத் தடமும் சேறாகிவிட்டது. சேற்றில் சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். புல் வளர்வதற்கு ஓட்டை விட்ட பிளாஸ்டிக் கட்டத் தட்டுகளை ஸ்டேஷன் முன்னால் ஒன்றரை மீட்டருக்குத் தரைமட்டமாகப் பதித்து, ஓட்டைகளில் மணல் நிரப்பினேன். சந்துக்கு, வழிகாட்டி ஒயரிலிருந்து எவ்வளவு விலகி ஓடலாம் என்ற அமைப்பைக் கூட்டினேன். தடம் பரவியதும் புல் மீண்டுவிட்டது.

சுவரோரம் விட்ட கீற்று இன்னொரு தலைவலி. பிளேடு எந்திரத்தின் விளிம்புவரை வருவதில்லை, விரல் வெட்டுப்படாமல் இருக்க உள்ளே தள்ளித்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் சுவரை ஒட்டி 20 சென்டிமீட்டருக்குப் புல் நிற்கும், அதைக் கையால்தான் வெட்ட வேண்டும். எப்போதும் கண்ணில் படும் 14 மீட்டர் சுவரோரத்தில் மட்டும் 25-க்கு 25 சதுரக் கற்கள் 56 பதித்தேன், 3 சென்டிமீட்டர் மணல் படுக்கையின் மேல், கல்லின் முகம் தரையைவிட ஒரு நூல் தாழ்வாக. கல் துருத்திக்கொண்டு நின்றால் பிளேடு போய்விடும். முழு வேலையிலும் முதுகு ஒடிந்தது இதில்தான், ஆனாலும் மற்றச் சுவர்களுக்கும் செய்யத்தான் போகிறேன்.

ஒருநாள் ஸ்டேஷனின் விளக்கு நிறம் மாறி மின்னியது. சுற்று அறுந்துவிட்டது என்று பொருள். 146 மீட்டரையும் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை, வழிகாட்டி ஒயர் இருந்தால் மல்டிமீட்டரே பாதி வேலையை முடித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்டேஷனிலிருந்து மூன்று முனைகளையும் கழற்றினேன்: எல்லையின் இடமுனை, வலமுனை, வழிகாட்டி. இடமுனைக்கும் வழிகாட்டிக்கும் நடுவே சில ஓம் காட்டியது, அந்தப் பாதி நலம். வலமுனைக்கும் வழிகாட்டிக்கும் நடுவே மீட்டர் அசையவில்லை. ஆக, அறுந்த இடம் வலப்பாதியில். அந்தப் பாதியில் சந்தேகத்துக்குரிய இடங்கள் இரண்டு: சந்தும் பூப்பாத்தியும். அவற்றுக்கு நடுவே ஓரிடத்தில் ஒயரை நானே வெட்டி, இரண்டு பக்கமும் சோதித்தேன். பாத்திப் பக்கம்தான். களைக்கொட்டு பட்டு விளிம்பில் அறுந்திருந்தது.

இணைப்பைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் அன்றைக்கு ஓடும், அடுத்த மழையில் ஈரம் ஏறிச் செம்பு பச்சை பூத்து மறுபடி அறுந்துவிடும். நாங்கள் முதலில் சுற்றியது அப்படித்தான் போனது. உள்ளே ஜெல் நிரம்பிய சின்ன இணைப்பான்கள் கிடைக்கின்றன. இரு முனைகளையும் சீவாமல் அப்படியே உள்ளே செருகி, பிளையரால் ஒரே அழுத்து. ஈரம் உள்ளே போகாது. அறுந்த ஒயரை இழுத்துச் சேர்க்க முயலாமல், ஒரு சாண் துண்டை நடுவே வைத்து இரண்டு இணைப்பான் போடுவதுதான் முறை.

பராமரிப்பில் முதலிடம் பிளேடுக்கு. சுழலும் தட்டில் சவர பிளேடு அளவுக்கே உள்ள மூன்று துண்டுகள் திருகில் தளர்வாகத் தொங்கும். கல்லில் பட்டால் மடங்கிக்கொள்ளும். புல்லின் நுனி வெள்ளையாகப் பிய்ந்து தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. எங்கள் மணல் கலந்த மண்ணில் ஒன்றிரண்டு மாதம் வருகிறது. மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் எடை ஒத்துப்போகாமல் தட்டு அதிரும். திருகையும் புதிதாகப் போட வேண்டும், பழையதின் கழுத்து தேய்ந்திருக்கும். முதன்மை சுவிட்சை அணைத்து, கையுறை போட்டுக்கொண்டுதான் கவிழ்க்க வேண்டும். அடியில் அப்பிய புல்லை மரக்குச்சியால் சுரண்டி, பிரஷ்ஷால் தட்டுகிறேன். எங்கள் எந்திரத்தில் பீய்ச்சித் தண்ணீர் அடிக்கக்கூடாது. சார்ஜ் முனைகள் கறுத்துவிட்டால் நைஸ் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு.

செலவைப் பற்றிப் பலர் கேட்பதால் சொல்கிறேன். பெரிய பணம் எந்திரத்துக்கே போகிறது. அடுத்தது, சில வருடங்களில் மாற்ற வேண்டிய பேட்டரி. பிளேடு, முளை, இணைப்பான், ஒயர் எல்லாம் அவற்றின் பக்கத்தில் சில்லறை. மின்சாரம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பேட்டரி 18 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர், அதாவது ஒரு சார்ஜுக்கு 36 வாட்-ஹவர். நாளைக்கு ஐந்து சார்ஜ் என்றால் 180. மாதத்துக்கு ஐந்தரை யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதும் ஸ்டேஷன் சும்மா இருக்கும்போது இழுப்பதும் சேர்ந்தாலும் பத்து யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

இரவில் ஓட்டாததற்குக் காரணம் தவளைகளும் முள்ளெலிகளும். ஆபத்து வந்தால் முள்ளெலி ஓடாது, அங்கேயே உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். 2021-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், ஏற்கெனவே இறந்துபோன முள்ளெலிகளை வைத்து 18 வகை ரோபோ புல்வெட்டிகளைச் சோதித்தார்கள். மேலே படாமல் முன்கூட்டியே கண்டுகொண்டது ஒன்றுகூட இல்லை. சிலவற்றால் பெரிய காயம், சிலவற்றால் லேசான தொடுதல் என்று வேறுபாடு இருந்தது. எங்களுடையது எந்த ரகம் என்று சோதித்துப் பார்க்க எனக்கு மனம் இல்லை. பொழுது நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, பொழுது சாய்வதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குத் திரும்பும்படி நேரம் வைத்திருக்கிறேன். குழந்தைகள் விளையாடும் நேரத்திலும் ஓடாது. தூக்கினால் பிளேடு நின்றுவிடும் என்பது உண்மைதான், ஆனாலும் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் விரலை அதை நம்பி விட முடியாது. தண்ணீர்க் குழாயையும் பந்தையும் எடுத்து வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

இன்னொன்று. தினமும் சீவுவதால் புல்லுக்கு நடுவே பூக்கும் சின்னப் பூக்கள் தலைதூக்குவதே இல்லை, தேனீக்கள் வருவது குறைந்தது. வேர் துருத்திய அந்த மரத்தின் தீவைக் கொஞ்சம் பெரிதாக்கி, உள்ளே இருப்பதை அப்படியே வளர விட்டிருக்கிறேன். அங்கே மறுபடி பூக்கிறது.

மறுபடி தொடக்கத்திலிருந்து செய்வதாக இருந்தால் சிலவற்றை மாற்றுவேன். ஒயர் பதிக்கும்போதே சந்திலும் நடைபாதையின் குறுக்கிலும் பி.வி.சி. குழாய் புதைத்து, அதற்குள் ஒயரை விடுவேன், பின்னால் மாற்ற வசதி. ஒவ்வொரு தீவின் அருகிலும் ஒரு முழம் ஒயரை நெளிவாக விட்டுவைப்பேன், பாத்தியைப் பெரிதாக்க நினைத்தால் துண்டு போட வேண்டியிருக்காது. ஒயரின் பாதையை, சுவரிலிருந்து உள்ள தூரத்தோடு தாளில் வரைந்துவைப்பதை முதல் நாளே செய்வேன். இப்போது வரைந்தாகிவிட்டது, இணைப்பான் உள்ள இடங்களுக்குச் சிவப்புப் புள்ளி. களை எடுக்க வருபவருக்கு அதில் ஒரு பிரதி.

அடுத்த வேலை சரிவின் கீழ்க்கீற்று. கையால் வெட்டுவது சிரமமாக இருப்பதால், மழைக்காலம் தொடங்கும்போது அங்கே தரையில் படரும் செடிகளை நடப்போகிறேன். வேர் பிடித்துப் பரவியதும் ஒயரை அந்தப் பக்கம் இன்னும் 40 சென்டிமீட்டர் மேலே ஏற்ற வேண்டும். சுற்று சுருங்குவதால் அதற்குப் புது ஒயர் தேவையில்லை, இணைப்பான்கள் இரண்டு மட்டும் வாங்க வேண்டும்.